நண்டுக்கு வலது

தலையில் எண்ணெய் இருந்தால் மூளை அலையைப் பதியும் கருவியின் ஒயர் ஒட்டாது. ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வாருங்கள் என்று தொண்டை கிழியச் சொன்னேன். ஒருத்தரும் கேட்கவில்லை. சொல்லாததை மட்டும் எங்கள் ஊர் ஒழுங்காகச் செய்து வைத்தது.

பெங்களூரில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு செய்கிறேன். மனிதர் ஒன்றைக் கற்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்பதுதான் ஆய்வு. திரையில் அர்த்தமில்லாத உருவங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் இடது பொத்தானா வலது பொத்தானா என்று ஊகிக்க வேண்டும். தப்பானால் சிவப்பு எரியும். தப்பு உறைக்கிற அந்தக் கணத்தில் மூளையில் எழும் அலைதான் எனக்கு வேண்டும். டிசம்பருக்குள் அது கிடைக்காவிட்டால் வேலை போய்விடும். அதிகம் படிக்காதவர்கள் வேண்டுமென்பதால் மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கே வந்து, மாதா கோவில் கூடத்தில் கருவியை வைத்தேன்.

முதலில் உட்கார்ந்தது கிரேசி சித்தி. எங்கள் தெரு வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியத்துக்கு அவள்தான் தலைவி. திணறித் திணறித் தப்பு செய்து கடைசியில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு வந்தவர்கள் யாரும் தப்பே செய்யவில்லை. முதல் உருவத்துக்கே சரியான பொத்தான்! கருவியைக் கழற்றி மாட்டினேன், அம்மாமேல் எரிந்து விழுந்தேன்.

ஒரு நாள் ஆய்வுக்கு உட்கார்ந்த யேசுரத்தினம் அக்கா திரையைப் பார்த்து முணுமுணுத்தாள். "நண்டு வலத்த. சாளை இடத்த."

"என்னக்கா அது?"

"ஒவ்வொண்ணுக்கும் நண்டு, மீனுண்ணு பேரு வச்சு கிரேசி படிச்சுத் தந்தால்லா, அஜிஷா. ஜெபமாலை முடிஞ்ச ஒடனே அன்பியத்துல இதுதான் படிப்பு. ஒருத்தியும் தோத்துரப்பிடாது, தோத்தா உனக்க வேலை போயிரும்ணு சொன்னா."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்தப் பாசத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தப்புதான் வேண்டும் என்று சொன்னால் வேண்டுமென்றே தப்பு செய்வார்கள். அதுவும் உதவாது. பேராசிரியரோடு போனில் மல்லுக்கட்டி ஒரு வழி கண்டேன். பழைய உருவங்கள், பொத்தான் மட்டும் தலைகீழ். எல்லோரும் முடித்தபிறகுதான் உண்மையைச் சொல்லலாம்.

மறுபடியும் கிரேசி சித்திதான் முதலில் வந்தாள். எண்ணெயில்லாத தலையோடு, சிரித்துக்கொண்டு வந்தாள். நண்டு வந்தது. டக்கென்று வலதை அமுக்கினாள். சிவப்பு.

அலை எழுந்தது. அத்தனை பெரிய, அத்தனை தெளிவான அலையை நான் பார்த்ததே இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் வியர்த்தது. சித்தி சாளைக்கு இடதை அமுக்கினாள். மறுபடி சிவப்பு. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நடுவில் பேசினால் பதிவு கெட்டுவிடும். அடுத்த உருவத்தைத் திரையில் விட்டேன்.

முடிந்ததும், ஒயரைக் கழற்றுமுன்னே என் கையைப் பிடித்துக்கொண்டாள். கன்னமெல்லாம் ஈரம்.

"மக்கா, உனக்க வேலைய நான் கெடுத்துட்டனா?"

"இல்ல சித்தி. நல்லா செய்தீங்க."

"பொய் சொல்லாத. செவப்பு வந்தத நான் பாத்தேன்லா."

வெளியே யேசுரத்தினம் அக்கா காத்திருந்தாள். எனக்கு வேறு வழியில்லை.

"சித்தி, உள்ள நடந்தத யார்ட்டயும் சொல்லப்பிடாது, கேட்டியளா?"

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"இத நான் யார்ட்ட மக்கா போய்ச் சொல்லுவேன்?"