சலனம் திரும்பி வந்த காலை

கணிதத் துறையில் அக்காவைப் பெரியவள் என்பார்கள், தங்கையைச் சின்னவள் என்பார்கள். ஒரே அறை, எதிரெதிர் மேசை, ஒரே கேள்வி. உராய்வே இல்லாத ஒரு திரவ ஓட்டம். மேலடுக்கு வேகமாக ஓடுகிறது, கீழடுக்கு மெதுவாக. அதில் சின்னதாக ஒரு சலனத்தை விட்டால் என்ன ஆகும்? சில ஓட்டங்களில் அது ஊதிப் பெருத்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். இவர்கள் எடுத்துக்கொண்ட ஓட்டத்தில் அடுக்குகள் அதை இழுத்து இழுத்து நூலாக்கிவிடும். அடங்கிவிட்டது என்று தோன்றும். ஆனால் உராய்வு இல்லாத இடத்தில் அது அழிவதில்லை. சரியான நேரத்தில் இன்னொரு சலனத்தை விட்டால், பழையது ஒரு கணம் உருவெடுத்துத் திரும்பி வரும். அந்த எதிரொலியைத்தான் இருவரும் கம்ப்யூட்டரில் தேடினார்கள்.

முதலில் பிடித்தவள் சின்னவள். கருத்தரங்கில் அதைத் திரையில் காட்டியபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பெரியவளுக்கோ நாக்கு சும்மா இருக்காது. "கிரிட்டை டபுள் பண்ணிப் பாத்தியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவைத்தாள். கிரிட் என்பது கணக்குப் புள்ளிகளின் வலை. அந்தப் புள்ளிகளின் இடைவெளியைவிட நூல்கள் மெலிந்துபோனால் கம்ப்யூட்டர் ஏமாந்துபோய், வராத சலனத்தை வந்ததாகக் காட்டும். புள்ளிகளை இரட்டித்தால் பொய்ச் சலனம் வரும் நேரம் தள்ளிப்போகும், நிஜமானது நகராது. சின்னவள் பார்த்திருக்கவில்லை. அன்றே இரட்டித்தார்கள், தள்ளிப்போனது. பொய்.

பெரியவள் கேட்டது சரிதான். சரியாகக் கேட்டு என்னத்தைக் கண்டாள்? அந்த மாதமே சின்னவள் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். போன் பேச்சு "நல்லா இருக்கியா, இருக்கேன்" என்று சுருங்கி, பிறகு அதுவும் நின்றது. எதிர்மேசையில் யாரையும் உட்காரவிடாமல் பெரியவள் காகிதத்தைக் குவித்துவைத்தாள். தங்கை இல்லாமல் அவளுக்கு எதுவுமே ருசிக்கவில்லை.

கூப்பிட ஒரு சாக்கு வேண்டும். நிஜமான எதிரொலி கிடைத்தால், "நீ தேடினது இருக்குடி" என்று சொல்லிவிடலாம். வருஷக்கணக்காக அதற்காகவே உழைத்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

இன்று காலை திரையில் தரையோடு தரையாகக் கிடந்த கோடு திடீரென்று எழுந்தது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று மாணவர்களைத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். ஆனால் கை கீபோர்டுக்குப் போகவில்லை, போனுக்குப் போயிற்று. இரட்டித்துப் பார்த்துப் பொய்யென்று தெரிந்துவிட்டால், அப்புறம் எந்த முகத்தோடு கூப்பிடுவது?

"வந்துடுச்சுடி," என்றாள்.

"என்னக்கா வந்துடுச்சு?"

"எதிரொலி. நீ அன்னிக்குக் காட்டின மாதிரியே."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். "கிரிட்டை டபுள் பண்ணிப் பாத்தியா?"

"இல்ல."

"பாக்கலையா? நீயா?"

"பாத்தா பொய்யாயிடுமோன்னு பயமா இருந்துச்சு. அதுக்கு முன்னாடி உன் குரலைக் கேட்டுடலாம்னு..."

சின்னவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"டபுள் பண்ணினா எவ்வளவு நேரம் ஓடும்?"

"சாயங்காலம் ஆயிடும்."

"சரி, போட்டு விடு. முடிஞ்சதும் கூப்பிடு." வைக்கப் போனவள் மறுபடி சொன்னாள்: "பொய்யா இருந்தாலும் கூப்பிடுக்கா."