வண்டிக்கு ஒரு ஆள்

கடையில் ஒரு டைல்ஸ் முனை உடைந்தாலே நாலு நாளைக்கு மூக்கால் அழுகிற மனிதர் பெரியவர். புதுக் காருக்குக் கேட்கவா வேண்டும்! வாங்கி ஒரு மாதம் ஆகியும் சீட்டுகளின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க விடவில்லை. அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போனவன் அவருடைய சகலை. அக்காவைக் கட்டியவர் அவர், தங்கையைக் கட்டியவன் இவன். பெரியவருடைய டைல்ஸ் குடோனிலேயே வேலை என்பதால் சொந்தத்தில் எல்லோரும் இவனைக் குடோன் என்றே கூப்பிட்டார்கள். கட்டிய மனைவியும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அரண்மனை நகரத்தின் திருவிழா ஊர்வலத்தைப் பார்க்கத்தான் பயணம். பெரியவருக்குக் குதிரைப்படையைப் பார்க்க வேண்டும். அவர் மனைவிக்கு அரண்மனை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். குடோனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஊர்வலத்தில் ஆடப்போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் அவன் மகளும் ஒருத்தி. முந்தின நாளே பள்ளிக்கூட பஸ்ஸில் கிளம்பிப் போய்விட்டாள்.

"மணிக்கூண்டுக்குக் கீழ நில்லுப்பா," என்று ஏறும்போது சொன்னாள். "உன்னைப் பாத்துட்டுத்தான் ஆடுவேன். இல்லன்னா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது."

வழியெல்லாம் அவனுக்கு வாயெல்லாம் பல். பெரியவரோ ஒவ்வொரு பள்ளத்துக்கும் "பாத்து, பாத்து" என்று உயிரை எடுத்தார். டீ குடிக்க நிறுத்தினால் டம்ளர் வண்டிக்குள் வரக்கூடாது என்றார். அக்காவும் தங்கையும் பின்சீட்டு பிளாஸ்டிக்கில் வியர்த்து வழிந்தபடி அரண்மனையைப் பற்றித் தெரிந்ததும் தெரியாததும் பேசிக்கொண்டு வந்தார்கள். குடோன் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகள் சிவப்புப் பாவாடையில் வருவாள், மூன்றாவது வரிசை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பாக்கத்தானே போறோம் என்று மனைவிதான் கடைசியில் அவன் வாயை அடைத்தாள்.

நகரத்துக்கு வெளியிலேயே போலீஸ்காரர்கள் வண்டிகளை மறித்து ஒரு பெரிய பொட்டலுக்குள் திருப்பிவிட்டார்கள். வெளியூர் கார், வேன், பஸ் எல்லாம் அங்கேதான் நிற்க வேண்டும். ஊர்வலம் போகும் சாலைக்கு அங்கிருந்து நடைதான். பக்கத்து வேன்காரன் கதவைத் திறந்த லட்சணத்தைப் பார்த்ததும் பெரியவர் ஓடிப்போய்த் தன் வண்டிக் கதவைத் தடவிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்தார். யாரென்று குடோன் கேட்கவில்லை. முதலாளிக்கு வருகிற போனையெல்லாம் யார் கேட்பார்கள்?

"வண்டிக்கு ஒரு ஆள் வேணும். நீ இருந்துக்கோ," என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று குடோன் சிரித்தான். பெரியவர் சிரிக்கவில்லை. மனைவியைப் பார்த்தான். அவள் அக்காவின் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"அண்ணே, பாப்பா என்னைத் தேடுவாண்ணே. அவ ஆடி முடிச்சதும் ஓடி வந்துடறேன்."

"நான் பாத்தா என்ன, நீ பாத்தா என்ன? போன்ல பிடிச்சுட்டு வரேன். இதுல ஒரு கீறல் விழுந்துச்சு, நாளையிலேருந்து நீ கடைப் பக்கமே வர வேண்டாம்."

குடோனின் பிழைப்பு அவர் கையில் இருந்தது. மூன்று பேரும் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் மேளச் சத்தம் கேட்டது. கைதட்டல் அலையலையாய் வந்தது. இப்போது மணிக்கூண்டுக்கு வந்திருப்பாள், இப்போது தேடுவாள் என்று நினைக்க நினைக்க அவனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. காரை ஓங்கி ஒரு உதை விட வேண்டும் போலிருந்தது. விடவில்லை. சட்டை நுனியால் கதவில் படிந்த தூசியைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே முடிவு செய்தான், பார்த்தேன் என்று சொல்லிவிடுவது. பிள்ளை மனம் ஏன் நோக வேண்டும்?

இருட்டுகிற நேரத்தில் திரும்பி வந்தார்கள். மகளும் கூட வந்தாள், சிவப்புப் பாவாடை, முகத்தில் பூச்சு அப்படியே. பேசாமல் பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்தாள். தன்னைக் காணோம் என்ற கோபம் என்று நினைத்துக் குடோன் அவசர அவசரமாக ஆரம்பித்தான்.

"மணிக்கூண்டுக்குக் கீழதான்டா கண்ணு நின்னேன். கூட்டத்துல உனக்குத் தெரிஞ்சிருக்காது. உன் ஆட்டம் முடிஞ்சதும் வண்டிக்கு ஓடி வந்துட்டேன்."

பெரியவரைக் கெஞ்சலாகப் பார்த்தான். அவர் கண்ணடித்தார். காட்டிக்கொடுக்க மாட்டார், நல்ல மனுஷன் என்று குடோனுக்குத் தைரியம் வந்துவிட்டது. அளக்க ஆரம்பித்தான். மூன்றாவது வரிசையிலேயே அவள்தான் எடுப்பு என்றான். பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் என் பொண்ணு, என் பொண்ணு என்று சொன்னதாகச் சொன்னான். அவள் சுற்றின சுற்றில் பாவாடை குடையாய் விரிந்ததாம், ஜனம் வாயைப் பிளந்ததாம். பின்னால் பெரியவர் மனைவிக்குச் சிரிப்பு பீறிட்டது. அக்கா சிரித்தால் தங்கைக்கும் சிரித்தாக வேண்டும். அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"நான் ஆடவே இல்லப்பா," என்றாள் மகள்.

ஜோடியாக ஆட வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சலாம். ஒற்றையாய் நின்றால் வரிசை கெட்டுவிடும் என்று டீச்சர் இவளை விட்டுவிட்டுப் போய்விட்டாளாம். பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்த நம்பர் பெரியப்பாவுடையது என்பதால் டீச்சர் அவருக்குத்தான் அப்போதே போன் பண்ணிச் சொன்னாளாம், பிள்ளை பஸ்ஸில் தனியாக இருக்கிறது, அவங்க அப்பாவை வந்து கூட்டிப்போகச் சொல்லுங்கள் என்று. பஸ் எங்கே என்று கேட்டான். அவள் கையைக் காட்டினாள். அதே பொட்டலில், வேன்களுக்குப் பின்னால், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் நின்றது.

"சொன்னா நீ வண்டியைப் போட்டுட்டு ஓடியிருப்பே," என்றார் பெரியவர். அவர் குரலில் குற்ற உணர்வு துளியும் இல்லை. அம்மாக்காரிக்கும் அரண்மனை வாசலிலேயே சொல்லிவிட்டாராம். போகும்போது கூட்டிக்கலாம் என்று அவளும் சொல்லிவிட்டாளாம்.

குடோன் கண்ணாடியில் மகளைப் பார்த்தான். அவள் அழவில்லை. எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ ஸ்கூல் ஆண்டு விழாவுல நான் ஆடினதைப் பாத்தேன்னு சொன்னியே, அதுவும் இப்படித்தானாப்பா?"

அதை அவன் நிஜமாகவே பார்த்திருந்தான். முதல் வரிசையில் உட்கார்ந்து, கை வலிக்க வலிக்கத் தட்டியிருந்தான். சொல்ல வாயெடுத்தான். பின்சீட்டில் சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

"பேச்சு அப்புறம்," என்றார் பெரியவர். "வண்டியை மெதுவா எடு."