கோழி வெளிச்சம்

கொட்டகைக்குள் கால் வைத்ததுமே விஷ்ணுப்ரியா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

பதினோரு வருடமாக மாடம்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் மாடு பார்க்கும் டாக்டர் அவள். சாணமும் மூத்திரமும் பழகிப்போனவை. இது வேறு. தண்ணீர்த் தொட்டியில் செத்த பூச்சிகள் ஊறி, கூழ் மாதிரி மிதந்தன. அதை மூக்கால் விலக்கிவிட்டுக் குடித்துக்கொண்டிருந்தது பட்டு என்கிற எருமை.

"நாலு மணிக்கு லாரி வந்துரும். மலடுன்னு ஒரு கையெழுத்து போட்டுருங்க" என்றான் எருமையின் சொந்தக்காரன் பொன்னுரங்கம்.

கையெழுத்து விழுந்தால் பட்டு கசாப்புக்குப் போகும். எட்டு மாதமாகச் சினைப்பருவத்துக்கு வரவில்லை. அதுதான் அது செய்த குற்றம்.

தோள்வரை உறையை மாட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். வெதுவெதுவென்று சாணம் உறையைத் தாண்டி அக்குளில் வழிந்தது. கர்ப்பப்பையில் கோளாறில்லை. சினைப்பைகள் மட்டும் சின்னதாக, வழவழவென்று, தூங்கிக்கிடந்தன. தொடையில் ஊசி போட்ட இடங்கள் கட்டிகட்டியாக வீங்கியிருந்தன. ஒன்று உடைந்து சீழ் வடிய, ஈ மொய்த்தது. பருவத்துக்கு வரவழைக்கிற ஊசியாம். கடையில் வாங்கி அவனே குத்தியதாகப் பெருமையாகச் சொன்னான்.

உறையை உருவி எறிந்து ஓரடி நகர்ந்தாள். செருப்புக்கடியில் ஏதோ நொறுங்கியது.

ஈசல் சிறகு. தரையெல்லாம் சிறகு. மாட்டுக் கொட்டகையில் இவ்வளவு ஈசலுக்கு என்ன வேலை?

அண்ணாந்து பார்த்தாள். கூரையில் நாலு ஃபோகஸ் லைட்.

"இது எவ்வளவு நேரம் எரியும்?"

"விடிய விடிய. ஊரப்பாக்கத்துல முட்டைக்கோழி வெச்சினு இருந்தேன்ல? லைட்டு போட்டாத்தான் கோழி நெறய முட்ட வெக்கும். எருமைக்கு மட்டும் இன்னா, தனி சட்டமா?"

தனிச் சட்டம்தான். பகல் நீண்டால் கோழி முட்டையிடும். எருமை நேரெதிர். இருட்டில்தான் மூளையில் மெலட்டோனின் சுரக்கும். இரவு நீள நீள அதிக நேரம் சுரக்கும். அதை வைத்துத்தான் ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டதென்று எருமையின் உடம்பு புரிந்துகொண்டு பருவத்துக்குத் தயாராகும். இந்தக் கொட்டகையில் எட்டு மாதமாக இரவே வரவில்லை. வெளியே ஐப்பசி பிறந்தும் பட்டுவுக்கு இன்னும் சித்திரை.

லைட்டை அணைத்து இரண்டு மாதம் பொறுக்கச் சொன்னாள். அப்போதும் வராவிட்டால் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னாள். முணுமுணுத்துக்கொண்டே லாரிக்காரனுக்குப் போன் செய்தவன், பாதியில் திரும்பினான்.

"அப்போ ஆனியில கசாப்புக்கு அனுப்பிச்ச நாலு எருமையும் மலடு இல்லியா?"

"அதுக்கு எந்தப் பாவி சர்டிபிகேட் குடுத்தான்?"

அவன் விழித்தான். "நீங்கதான் டாக்டரம்மா. வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பிச்சேன். ராஜகீழ்ப்பாக்கம் கிளினிக்ல உக்காந்தபடியே போட்டுக் குடுத்தீங்க."

குழாயடிக்குப் போய் மூன்று முறை சோப்பு போட்டாள். கை நாறிக்கொண்டேயிருந்தது.

மார்கழி முதல் நாள் காலை, அவள் போனில் ஒரு போட்டோ வந்து விழுந்தது. பட்டுவின் வாலடியில் கண்ணாடிக் கயிறு மாதிரி சளி தொங்கியது. கீழே பொன்னுரங்கம் கேட்டிருந்தான்: 'பருவம்தானே டாக்டரம்மா? போட்டோ பாத்து சொல்லுங்க.'

விஷ்ணுப்ரியா நீள உறையைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.