ஒத்திகையில் சொன்ன பாவம்

எங்கள் மூன்றாம் வகுப்பில் அந்த வாரம் பாவத்துக்குத் தட்டுப்பாடு. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். அதற்கு முந்தின நாள் கோயிலில் ஃபாதர் வந்து உட்காருவார். முதல்முறையாக அவரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். அவர்களைப் பழக்கிவிடுவது வகுப்பு ஆசிரியையான என் வேலை. ஒத்திகைக்கு ஆளுக்கு ஒரு பாவமாவது யோசித்துக்கொண்டு வாருங்கள் என்றால், எட்டு வயதில் எங்கே போவார்கள்? "உன்னுதுல ஒண்ணு குடுடா, அப்புறம் தரேன்" என்று கடைசி பெஞ்சில் கைமாற்று நடந்தது. தம்பியே இல்லாத ஒருத்தன் தம்பியை அடித்ததாகச் சொன்னான்.

வகுப்பு மூலையில், வரைபடம் மாட்டும் கம்பியில் என் வீட்டு நீலப் போர்வையைத் தொங்கவிட்டிருந்தேன். இந்தப் பக்கம் நாற்காலியில் ஃபாதருக்குப் பதிலாக நான். அந்தப் பக்கம் முழங்காலில் பிள்ளை. "இங்க சொல்றது இங்கயே இருக்கும். சுவத்துக்குக்கூட சொல்ல மாட்டேன். ஃபாதரும் அப்படித்தான்" என்று வாக்குக் கொடுத்தேன். யாரும் கேட்காமலே கொடுத்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்கு ஒன்றும் புதிதல்ல.

மாதா விஷயம் அதற்கு முன்பே, திங்கட்கிழமையே நடந்துவிட்டது. எங்கள் வகுப்பில் ஒரு சின்ன மாதா சிலை உண்டு; சுரூபம் என்போம். வாரம் ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போய், அங்கே குடும்பத்தோடு ஜெபமாலை கேட்டுவிட்டு, திங்கட்கிழமை காலை வகுப்புக்குத் திரும்பும். முந்தின வாரம் போன வீடு லாரி டிரைவருடையது. அவர் மகளை வகுப்பு முழுக்க 'ஹாரன்' என்றுதான் கூப்பிடும். அந்தக் குழந்தைக்கு ரகசியம் பேச வராது. காதோடு பேசினாலும் பக்கத்து வகுப்பு திரும்பிப் பார்க்கும்.

அன்று காலை ஜெபத்தில் எல்லாரும் எழுந்து நின்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டிருக்கும்போது, மேசைமேல் இருந்த மாதாவின் வலது கை மணிக்கட்டோடு கழன்று விழுந்தது. உடைந்த இடத்தில் பசை. கைவேலைப் பெட்டியில் இருக்கும் அதே வெள்ளைப் பசை.

"நான் கொண்டாந்து வெக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு!" என்றாள் ஹாரன். அவள் சாதாரணமாகச் சொன்னாலே அது எதிர்த்துப் பேசுவதுபோல இருக்கும். அன்று பயத்தில் சொன்னாள், கூரை அதிர்ந்தது.

எங்கள் தலைமையாசிரியை சிஸ்டர் கோபக்காரர் இல்லை. அதுதான் கஷ்டம். "உடைஞ்சது தப்பில்லம்மா. ஒட்டி வெச்சு மறைச்சதுதான் தப்பு" என்று மெதுவாகச் சொன்னார். உண்மையைச் சொல்லும்வரை புதுநன்மை வரிசையில் அவளுக்கு இடமில்லை என்று முடிவாயிற்று. நானும் என் பங்குக்கு அவளைத் தனியாக நிற்கவைத்து, "ஒத்துக்கிட்டா எல்லாம் முடிஞ்சுது. ஏன் இப்படி அழுத்தக்காரியா இருக்க?" என்று கேட்டேன். ஒருதரம் இல்லை, இடைவேளைக்கு இடைவேளை கேட்டேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று எனக்கு நம்பிக்கை.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் இதே வகுப்பு. பள்ளிக்கூட வாசலைத் தாண்டிவிட்டால் நான் அவளுக்கு மிஸ். அது நான் போட்ட சட்டம். ஒன்றாம் வகுப்பில் ஒருநாள் "அம்மா" என்று ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டபோது, "இங்க யாரும் அம்மா இல்ல" என்று எல்லார் முன்னாலும் விலக்கிவிட்டேன். டீச்சர் பிள்ளைக்குத் தனிச் சலுகை என்று நாலு பேர் சொல்லிவிடக் கூடாதே. அதற்குப் பிறகு அவள் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

புதன்கிழமை ஒத்திகையில் அவள் முறை வந்தது. போர்வைக்கு அந்தப் பக்கம் முழங்கால் வைக்கும் சத்தம். சொல்லிக்கொடுத்த மாதிரியே ஆரம்பித்தாள். பிறகு மூச்சு விடுகிற அளவுக்குக் குரலை இறக்கி, "மாதா கைய நான்தான் உடைச்சேன், ஃபாதர். நீங்க... மிஸ் ஆபீஸ்ல கையெழுத்துப் போடப் போனப்ப. முத்தம் குடுக்கலாம்னு எடுத்தேன், வழுக்கிடுச்சு. பசை போட்டு ஒட்டினேன்" என்றாள்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. பழக்க தோஷத்தில் வாய் மட்டும் ஓடியது. "மூணு அருள் நிறைந்த மரியே சொல்லும்மா. சமாதானமாப் போ."

"நன்றி, ஃபாதர்" என்று எழுந்து போனாள். அடுத்து வந்தவன் தம்பியை அடித்த கதையைச் சொன்னான். எனக்குக் காதில் ஏறவில்லை.

அன்று வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுவின பாத்திரத்தையே கழுவினேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. என் வீட்டுக்காரர் செய்தித்தாளை இறக்கி, "உனக்கு என்ன ஆச்சு? நாற்காலி என்ன கடிக்குதா?" என்றார். அவரிடம் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சுவத்துக்குக்கூடச் சொல்ல மாட்டேன் என்றவள், சுவரைவிட அதிகம் பேசாத மனுஷனிடம் மட்டும் சொல்லலாமா?

என் மகளோ நிம்மதியாக இருந்தாள். அதுதான் என்னைக் கொன்றது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவள், அன்று முட்டை இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அலமாரியைத் திறந்து ஞாயிற்றுக்கிழமைக்கான வெள்ளை கவுனைத் தொட்டுப் பார்த்தாள். சொல்லியாயிற்று, மன்னிப்பு வந்தாயிற்று, கணக்கு முடிந்தது. அங்கே ஒருத்தி கவுனைத் தைத்து வைத்துக்கொண்டு வரிசைக்கு வெளியே நிற்கிறாளே என்பது அவள் கணக்கில் வரவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

தலை பின்னிவிடும்போது மெல்ல ஆரம்பித்தேன். "அந்த மாதா கை உடைஞ்சுதே... பாவம், ஹாரன்தான் பண்ணியிருப்பாளா?"

பின்னல் என் கையில் இறுகியது. அவள் நிமிர்ந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"அம்மா, மிஸ் உன்கிட்ட சொல்லிட்டாங்களா?"

நான் ரிப்பனைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். "எதைடி?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. என் வீட்டில், என் வயிற்றில் பிறந்தவளிடம், எனக்குத் தெரிந்த ஒன்றை நான் கேட்க முடியவில்லை. அந்த மிஸ்ஸை நான்தான் அவளுக்கு வேறு ஆளாக்கிக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் காலை ஃபாதர் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே போய்ப் பிடித்தேன். ஒத்திகையில் கேட்டதை வெளியே சொல்லலாமா என்று பொதுவாகக் கேட்டேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சிரித்தார். "உங்களுக்குக் குருப்பட்டம் யார் குடுத்தா? ஒத்திகைதானே, தாராளமாச் சொல்லலாம்" என்றார். நாலடி போய்த் திரும்பி, "ஆனா, யாரோ உங்க வார்த்தைய நம்பிச் சொல்லியிருந்தா, அது வேற விஷயம். அதுக்குச் சட்டத்துல பதில் இல்ல, டீச்சர்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். இரண்டு பக்கமும் கதவைத் திறந்துவிட்டுப் போனால் நான் எந்தப் பக்கம் நுழைவது?

சிஸ்டரிடம் போனேன். "எனக்கென்னவோ அந்தப் பிள்ளை உடைச்சிருக்க மாட்டான்னு தோணுது" என்றேன்.

"எதை வெச்சு சொல்றீங்க? திங்கக்கிழமை நீங்கதானே அவதான்னு அடிச்சுச் சொன்னீங்க?"

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன். அதற்குள் டிரைவர் உள்ளே வந்தார். வேலை உடுப்பு, கையில் சாவிக்கொத்து. வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். "சிஸ்டர், வண்டி குலுங்கினதுல உடைஞ்சதாவே இருக்கட்டும். வேற சுரூபம் வாங்கித் தந்துடறேன். பிள்ளைய மட்டும் நிறுத்திடாதீங்க. அவ சரியாத் தூங்கறதில்ல."

"சுரூபம் பெரிசில்லங்க. உண்மைதான் பெரிசு" என்றார் சிஸ்டர்.

டிரைவர் என் பக்கம் திரும்பினார். "மிஸ், நீங்களே நல்லவிதமாச் சொல்லி ஒத்துக்க வெச்சிடுங்க. நானும் வீட்ல சொல்றேன்."

நான் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்னமும் எனக்கு உடம்பு கூசுகிறது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் காப்பாற்றியது வாக்கையா, மகளையா? ஞாயிற்றுக்கிழமைக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரையும் அழைத்தாயிற்று. கவுன் அலமாரியில் தொங்குகிறது. டீச்சர் மகளே மாதாவை உடைத்து, பழியை இன்னொரு பிள்ளைமேல் போட்டாள் என்றால், நாளைக்கு எந்த முகத்தோடு 'பொய் சொல்லாதிருப்பாயாக' என்று பலகையில் எழுதுவேன்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அந்த அளவில்தான் நானும் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை கடைசி ஒத்திகை. சிஸ்டரும் வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். கையிலிருந்த சாக்பீஸை ஒடித்து ஒடித்து என் மடியெல்லாம் வெள்ளை. என் மகள் வந்தாள். "போன தடவையே சொல்லிட்டேன், ஃபாதர். இப்ப பாவம் இல்ல" என்றாள்.

போர்வைக்கு இந்தப் பக்கம் இருந்தால்தான் அதைப் பற்றி நான் வாய் திறக்க முடியும். "பாவத்தைச் சொன்னா மட்டும் போதாதும்மா. அதனால யாராவது கஷ்டப்பட்டா, அதையும் சரி பண்ணணும்" என்றேன்.

"பண்ணினா ஞாயித்துக்கிழமை எனக்கு நன்மை உண்டா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. "தெரியலம்மா" என்றேன். அவள் எழுந்து போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள்.

அடுத்து ஹாரன். வரிசையில் இடமில்லாதவள், சிஸ்டரிடம் அனுமதி கேட்டு வந்திருந்தாள். முழங்கால் வைத்தாள். தன்னால் முடிந்த அளவு ரகசியமாகச் சொன்னாள். வகுப்பு முழுக்க, வராந்தா வரைக்கும் கேட்டது.

"மாதா கைய நான்தான் உடைச்சேன், ஃபாதர். ஒட்டி வெச்சு மறைச்சதும் நான்தான். எங்கப்பா ஒத்துக்கச் சொன்னாரு. இப்ப என்னைய வரிசையில சேத்துக்குவீங்களா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பின்னால் சிஸ்டர் பெருமூச்சு விட்டது கேட்டது. ஒருவழியாக முடிந்ததே என்கிற நிம்மதி. எனக்கு மட்டும் அந்த நீலப் போர்வை மூச்சை அடைத்தது. அம்மி நகர்ந்துவிட்டது. ஒரு குழந்தைக்குப் பாவசங்கீர்த்தனம் பழக்குகிறேன் என்று, பொய் சொல்லப் பழக்கிவிட்டிருந்தேன்.

போர்வையைப் பிடித்து இழுத்தேன். கம்பியோடு கீழே விழுந்தது. ஹாரன் கைகூப்பின மேனிக்கு என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"இவ உடைக்கல, சிஸ்டர்" என்றேன். "எனக்கு நல்லாத் தெரியும். புதன்கிழமையிலருந்து தெரியும்."

சிஸ்டர் எழுந்தார். "அப்ப யார் உடைச்சது?"

"அதை நான் சொல்ல முடியாது. வாக்குக் குடுத்திருக்கேன். ஆனா இந்தப் பிள்ளைய நிறுத்தினா, என்னையும் நிறுத்திடுங்க."

நான் யார் பக்கமும் பார்க்கவில்லை. பார்த்தால் காட்டிக்கொடுத்தது போலாகிவிடும் என்று, விழுந்த போர்வையையே பார்த்துக்கொண்டு நின்றேன். சுவரோரமிருந்து செருப்பு தரையில் தேயும் சத்தம் கிளம்பி, என் பக்கத்தில் வந்து நின்றது. என் சேலையை ஒரு கை பிடித்தது.

"அம்மா" என்றாள்.

மூன்றாம் வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அந்தச் சொல்லை அந்தக் கட்டடத்துக்குள் அவள் சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"அம்மா, நான் சொல்லிடறேன். நீ என் கூட நிக்கிறியா?"

நின்றேன். அவள் சொல்லி முடிக்கும்வரை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பசை எடுத்தது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். சிஸ்டர் ஹாரன் எதிரே தரையிலேயே உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து, "என்னை மன்னிச்சுடும்மா" என்றார். என் மகளைப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை நீ அவ பக்கத்துல நடந்து வரணும்" என்றார். என்னைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

ஆனால் ஹாரன் இன்னும் முழங்காலிலேயே இருந்தாள். முகத்தில் சந்தோஷம் இல்லை. எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தன் ரகசியக் குரலில், வராந்தா வரைக்கும் கேட்க, என்னிடம் கேட்டாள்:

"அப்ப நான் இப்ப சொன்னேனே, அந்தப் பொய்? அது பாவம்தானே, மிஸ்? அதை நாளைக்கு ஃபாதர்கிட்ட சொல்லணுமா?"

அவள் முன்னால் மண்டியிட்டேன். "வேண்டாம் கண்ணு. அது உன் பாவம் இல்ல, என்னோடது. நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

சனிக்கிழமை கோயிலில் பிள்ளைகளின் வரிசைக்குப் பின்னால் நானும் போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவள் ஹாரன். அவள் ஒருதரம் திரும்பி, நான் வந்திருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டாள்.