வாலில்லாத விமானத்துக்கு ஒரு தார்ப்பாய்

தார்ப்பாய்க்காரர் முப்பது வருஷத் தொழிலில் படகுக்குத் தைத்திருக்கிறார், கடைவாசலுக்குத் தைத்திருக்கிறார், ஒருமுறை சர்க்கஸ் யானைக்கு மழைக்கோட்டுகூடத் தைத்துக் கொடுத்திருக்கிறார். யானையைச் சுற்றிவந்து அளவெடுத்தபோதுகூட அவர் கை நடுங்கியதில்லை. விமானப்படைத் தளத்திலிருந்து வந்த ஸ்டோர் அதிகாரி மேஜைமேல் ஒரு காகிதத்தை விரித்தபோதுதான் முதல்முறையாகத் தலையைச் சொறிந்தார்.

காகிதத்தில் ஒரு படம். சதுரமும் இல்லை, வட்டமும் இல்லை. முன்னால் கூராக ஆரம்பித்து, இரண்டு பக்கமும் இறக்கை விரித்தாற்போல் அகன்று, பின்பக்கம் ரம்பப் பல் மாதிரி மூன்று இடத்தில் வெட்டுப்பட்டிருந்தது. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அறுபத்திரண்டு அடி. நிறம் சாம்பல். எழுத்தோ முத்திரையோ எதுவும் கூடாது.

"எதுக்கு சார் இது?"

"அதெல்லாம் கேக்கக்கூடாது."

"மழைக்கா வெயிலுக்கான்னு தெரிஞ்சாத்தானே சார் துணி எடுக்க முடியும்?"

அதிகாரி யோசித்தார். மழையா வெயிலா என்பது ராணுவ ரகசியத்தில் சேருமா சேராதா என்று அவருக்கே நிச்சயமில்லை போலிருந்தது. "ரெண்டுக்கும்தான்னு வெச்சுக்குங்க. பத்து நாள்ல வேணும். யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

மூச்சு விடாமல் இருந்துவிடலாம். அறுபத்திரண்டு அடித் துணியை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? பட்டறைக்குள் பாதிதான் விரிந்தது. மீதி வாசலைத் தாண்டித் தெருவில் கிடந்தது. தபால்காரர் அதைத் தாண்டிப் போனார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மிதித்துப் போனார்கள், தெருநாய் ஒன்று இடது இறக்கையில் சுருண்டு படுத்துத் தூங்கியது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தார்ப்பாய்க்காரர் வீட்டு வாசலில் தார்ப்பாய் கிடப்பதில் என்ன அதிசயம்?

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வரும்வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் வேலை. அது வயிற்றுப்பாட்டுக்கு. சாயங்காலம் ஆறு மணிக்குமேல் அவன் யூட்யூபில் பாதுகாப்புத் துறை ஆய்வாளர். எந்த நாட்டில் எந்த ஏவுகணை எத்தனை கிலோமீட்டர் போகும் என்பதை விரல்நுனியில் வைத்திருந்தான். வீட்டில் அவனுக்குப் பெயர் ராடார். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைக்காவிட்டால் வாந்தி எடுக்கும் ஆசாமி. விமானத்தில் கால் வைத்ததே இல்லை.

சாப்பிடக் கூப்பிட்டிருந்த அக்காவைக்கூடப் பார்க்காமல் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"மாமா... இதுக்கு வால் இல்லையே!"

"தார்ப்பாய்க்கு எதுக்கு மாப்ள வாலு?"

"தார்ப்பாய்க்கு இல்ல மாமா. உள்ள இருக்கப்போறதுக்கு."

"உள்ள என்ன இருக்கப்போவுது?"

"நீங்க சொல்லமாட்டீங்க. சொல்லவும் கூடாது. எனக்குப் புரியுது," என்று மாமாவின் தோளைத் தட்டிக்கொடுத்தான். பிறகு, காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று மொட்டைமாடிக்குப் போனான். நண்பகல் வெயிலில் எவன் காற்று வாங்கப் போவான் என்று தார்ப்பாய்க்காரருக்குத் தோன்றவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் வீடியோ வந்தது. மாடியிலிருந்து எடுத்த படம் அதில் நட்டநடுவில் இருந்தது. உறை இருந்தால் உள்ளே வாள் இருக்கத்தானே வேண்டும் என்று ஆரம்பித்தான் மச்சினன். வாலில்லாத விமானம். எதிரியின் ராடார் கண்ணில் படாமல் பறப்பது. பின்பக்கத்து ரம்பப் பல் அலைகளைச் சிதறடிக்க. ஓரத்தில் நாற்பத்தெட்டு பித்தளை வளையங்கள், பக்கத்துக்கு இருபத்துநாலு. ஆகவே என்ஜின் இரண்டு.

"வளையம் கயிறு கட்டறதுக்குடா!" என்று தார்ப்பாய்க்காரர் போனைப் பார்த்துக் கத்தினார். போனுக்குக் கேட்குமா?

நாலே நாளில் ஊர் உலகமெல்லாம் அதே பேச்சு. நாடே ஒற்றை என்ஜின் கட்சி, இரட்டை என்ஜின் கட்சி என்று பிரிந்து அடித்துக்கொண்டது. கோட்டு போட்ட ஒருவர் டீவியில் வந்து, உறையில் விமானியின் தலைக்கு மேடு விடவில்லை, ஆகவே இது ஆளில்லாத விமானம் என்று அடித்துச் சொன்னார். பக்கத்து நாட்டு அமைச்சர், எங்கள் ராடார் குருவியைக்கூட விடாது என்று அறிக்கை விட்டார். அதைச் சொல்லும்போது அவர் முகம் வெளிறியிருந்ததாக மச்சினன் ஒரு தனி வீடியோ போட்டான்.

தார்ப்பாயைக் கொண்டுபோய்க் கொடுத்த மூன்றாம் நாள் ஜீப் வந்தது. தார்ப்பாய்க்காரரைச் செருப்பு மாட்டக்கூட விடாமல் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

தளத்தின் தலைமை அதிகாரி அறையில் மூன்று பேர் இருந்தார்கள். யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள், எந்த நாட்டுக்காரன் வந்தான் என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். தார்ப்பாய்க்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க ஸ்டோர் சார்தான் படம் கொடுத்தாரு. நான் தைச்சேன். வேற எந்தப் பாவமும் அறியேன் சார்."

தலைமை அதிகாரி மற்ற இரண்டு பேரையும் வெளியே அனுப்பினார். கதவைச் சாத்தினார். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப்போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"உண்மையச் சொல்லுங்க. நான் கோவிச்சுக்கமாட்டேன். விமானம் எங்க இருக்கு?"

தார்ப்பாய்க்காரர் திருதிருவென விழித்தார்.

"என் தளத்துல ஒரு விமானம் இருக்கு, எனக்கே தெரியல. தலைமையகத்துக்குப் போன் பண்ணேன். அதப் பத்திப் பேசக்கூடாதுங்கறாங்க. நாலு நாளா எனக்குச் சோறு இறங்கல." தன் கல்யாணத்துக்குத் தனக்கே பத்திரிகை வராத மாப்பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம். தலைமையகத்துக்கும் ஒன்றும் தெரியாது என்பதும், தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுத்தான் அவர்கள் அப்படிப் பேசினார்கள் என்பதும் பிற்பாடு வெளியான சங்கதி.

ஸ்டோர் அதிகாரியைக் கூப்பிட்டார்கள். மனிதர் வரும்போதே வியர்த்திருந்தார்.

"சார், அது புதுக் கொட்டகையோட கூரைக்கு சார். போன மாசக் காத்துல பேந்துபோச்சே, அந்த ஓட்டைக்கு. ஓட்டை எப்படி இருந்துதோ அப்படியே வரைஞ்சு கொடுத்தேன்."

"அந்த ரம்பப் பல்லு?"

"உத்தரம் மூணு நீட்டிக்கிட்டு நிக்குது சார்."

"இத எதுக்குய்யா ரகசியமா வெச்சே?"

"நீங்கதான் சார் சொன்னீங்க. திறப்பு விழா நடந்து எட்டு மாசம்தான் ஆச்சு, கூரை விஷயம் வெளிய போனா ரெண்டு பேர் தலையும் போகும்னு."

தலைமை அதிகாரி எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். கூரை என்று சொன்னால் விசாரணை வரும். விமானம் என்று இருந்தால் பாராட்டு வரும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அன்று சாயங்காலமே தளத்திலிருந்து இரண்டு வரி அறிக்கை போயிற்று: செய்தியை உறுதிப்படுத்தவும் முடியாது, மறுக்கவும் முடியாது. தார்ப்பாய்க்காரருக்கு ஒரு வரிதான். "இங்க கேட்டத இங்கயே மறந்துடணும்."

மறப்பதா? ஜீப்பில் போய்த் திரும்பிவந்த மனிதர் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால் எந்த மனைவி சும்மா விடுவாள்? மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். ஐந்து நிமிஷத்தில் அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் சிரித்த சிரிப்பில் புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. உடனே தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், அது விமானமும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. ஒழுகற கூரைக்கு மூடி. மாமாகிட்ட அவங்களே சொல்லிட்டாங்க."

மச்சினன் இரக்கத்தோடு சொன்னான்: "பாவம்க்கா மாமா. வெள்ளந்தி மனுஷன், நம்பிட்டாரு. உண்மைய மூடி மறைக்க ஒரு கதை விடுவாங்க, இதுக்குப் பேருதான் கவர் ஸ்டோரி."

"அவரு தைச்சதே கவர்தான்டா!"

"அதேதான் நானும் சொல்றேன்."

அடுத்த வீடியோவில் அவன் அந்தக் கூரைக் கதையைக் கிழிகிழியென்று கிழித்தான். எட்டே மாதத்தில் ஒரு அரசாங்கக் கட்டடத்தின் கூரை பெயர்ந்து வருமா? யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்? லட்சம் பேர் ஆமாம் போட்டார்கள். கொத்தனார் ஒருவர் மட்டும் "ஏன் வராது?" என்று எழுதியிருந்தார். அவரைத் தேசத்துரோகி என்று எல்லோரும் சேர்ந்து வறுத்தெடுத்துவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து தலைமை அதிகாரியே மாற்றுடையில் பட்டறைக்கு வந்தார். தோளில் பதவி ஏறியிருந்தது மாற்றுடையிலும் தெரிந்தது, நடையே மாறியிருந்தது. அண்டை நாட்டுச் செயற்கைக்கோள் தினமும் இரண்டு முறை தளத்துக்கு மேலே போகிறதாம். கூரைமேல் தட்டையாகக் கிடக்கும் துணியை எத்தனை நாள் பார்ப்பார்கள்? திடலில் இன்னொன்று வேண்டும். உள்ளே ஏதோ இருக்கிற மாதிரி எழும்பி நிற்க வேண்டும்.

"என்ன சார் இருக்கற மாதிரி?"

"அதான் உங்களுக்குத் தெரியுமே."

"எனக்கு எங்க சார் தெரியும்?"

தலைமை அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க மச்சினர் வீடியோ இருக்கில்ல, அதப் பாத்துச் செய்யுங்க."

அப்படித்தான் தார்ப்பாய்க்காரர் விமானம் செய்தார். இரும்புக் குழாயை வளைக்க வெல்டிங்காரர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டார். இரண்டு பேரும் மூக்கு எவ்வளவு கூராக இருக்கலாம் என்று வாய்ச்சண்டை போட்டார்கள். என்ஜின் ஒன்றா இரண்டா என்று போன் செய்து கேட்டதற்கு, "ரெண்டே வைங்க, ஜனங்க ஆசைப்படறாங்க" என்று பதில் வந்தது. பயந்து பயந்து ஆரம்பித்த வேலைதான். ஆனால் ஒரு வாரத்தில் அவருக்கே அதன்மேல் பித்துப் பிடித்துவிட்டது. சாப்பிடும்போது தட்டில் விரலால் இறக்கை வரைந்தார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அது திடலில் நின்ற பதினைந்தாம் நாள் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வானத்திலிருந்து எடுத்த படம் வந்தது. உலகத்துப் பேப்பரெல்லாம் அதை எடுத்துப் போட்டது. தார்ப்பாய்க்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நெஞ்சு விம்ம, படத்தைப் பார்த்தார். பார்த்தவருக்கு முகம் செத்துப்போயிற்று. இடது இறக்கையின் நடுத்தையல் ஒரு முழம் தூரத்துக்குப் பாம்பு மாதிரி நெளிந்திருந்தது. மெஷின் ஊசி ஒடிந்து, மாற்றி, அவசரத்தில் ஓட்டிய இடம். யானைகூடக் குறை சொல்லாத கை! உலகமே பார்க்கிற இடத்தில் இப்படியா?

ஊசியும் மெழுகு நூலும் எடுத்துக்கொண்டு நேரே தளத்துக்குப் போனார். வாசல் காவலாளி வழிமறித்தான்.

"ஒரு தையல் கோணலா இருக்கு. அரைமணி நேரம் விட்டா சரிபண்ணிடுவேன் தம்பி."

"எதுல?"

"திடல்ல நிக்குதே, அதுல."

"திடல்ல ஒண்ணும் இல்ல." காவலாளியின் தோளுக்குப் பின்னால் அது வெயிலில் மினுமினுத்துக்கொண்டு நின்றது. "அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்காங்க. கிளம்புங்கய்யா."

வீடு திரும்பியபோது டீவியில் மச்சினன். கோட்டு போட்டிருந்தான். கையில் இருந்த குச்சி அந்த நெளிந்த தையலைத் தொட்டுக்கொண்டிருந்தது. "இங்கதான் சூட்சுமமே இருக்கு. நேர்கோடா இருந்தா அலை நேரா திரும்பிப் போயிடும். இந்த வளைவுக்குப் பின்னால இருபது வருஷ ஆராய்ச்சி இருக்கு."

"ஊசி ஒடிஞ்சதுடா!" என்றார் தார்ப்பாய்க்காரர். மனைவி டீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவர் கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் லாரிக்காரர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். சரக்கு மூடத் தார்ப்பாய் வேண்டுமாம். அளவு சொல்லி முடித்ததும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"நடுவுல ஒரு தையல் மட்டும் கோணலாப் போட்டுக் கொடுங்கண்ணே. நெடுஞ்சாலையில போலீஸ் வேகம் பாக்கற ராடார் மெஷின் வெச்சிருக்கான்."

தார்ப்பாய்க்காரர் நூல் பிடித்து, சாக்குக்கட்டியால் கோடு கிழித்து, ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் நேராகத் தைத்துக் கொடுத்தார். லாரிக்காரருக்கு அதில் மனத்தாங்கல்தான்.