அஸ்லம் தெரு திரும்பும் வரை

கொல்லைப்புறத்தில் அஸ்லமின் உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டதுமே ஜன்னத் சின்னம்மா ஷாஜியாவின் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“பிள்ளத்தாச்சி மய்யித்தப் பாக்கக் கூடாது ஆத்தா. தூக்குற வரைக்கும் இங்கனயே இரு.”

கதவைச் சாத்திவிட்டுப் போனாள். கூடப்பிறந்த தம்பியின் முகத்தைப் பார்க்கக் கூடாதென்று எந்த மகராசி வகுத்தாளோ! ஷாஜியாவுக்கு வந்த கோபத்தைப் பயம் விழுங்கிவிட்டது. எட்டு வயதில் அஸ்லமுக்கு ஓட்டம் நின்றது, பிறகு நடை. பத்தொன்பதில் நெஞ்சுச் சதையும் ஓய்ந்து மூச்சு நின்றுவிட்டது. தாய்வழியாக வரும் தசைநோய். தன் வயிற்றுப் பிள்ளைக்கும் அது இருக்கிறதா என்று பார்க்க, மதுரையில் பனிக்குடத் தண்ணீர் எடுத்துச் சோதனைக்குக் கொடுத்திருந்தாள்.

அங்கே ஆலோசகர் இவாஞ்சலின். ஆலோசனை தவிர மற்றதெல்லாம் சொல்வாள். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று ஷாஜியா கெஞ்சியும் பிடி கொடுக்கவில்லை. எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டாள். அதை ஷாஜியா சொல்லவில்லை. சோதனைக்குப் புறப்பட்ட காலையில் அஸ்லம் கேட்டிருந்தான்.

“என்னைய மாதிரின்னா வேணாம்னு சொல்லிருவியாக்கா?”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். வேண்டாமென்று சொல்லிவிடுவோமோ என்பதுதான் அவள் பயம்.

கைப்பேசி அதிர்ந்தது. இவாஞ்சலின்.

பேச வசதியான நேரமா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்டாள். முடிவு எதுவானாலும் இப்படித்தான் ஆரம்பிப்பேன் என்று முன்பே சொல்லியிருந்தாள். ஆனாலும் ஷாஜியா அந்தக் குரலில் எதையோ துழாவினாள். அம்மாவின் அழுகை கதவைத் தாண்டி வந்தது.

“யாருக்கு என்னாச்சு ஷாஜியா?” என்றாள் இவாஞ்சலின்.

“தம்பி.”

இவாஞ்சலின் குரலைத் தாழ்த்தினாள். “முடிவு வந்துருச்சு. எப்பக் கேக்கணும்ங்கிறது உங்க விருப்பம். நாளைக்குக்கூடப் பேசலாம்,” என்றாள்.

நாளை வரை தாங்காது. இப்போதும் முடியாது.

“அவன இன்னும் தூக்கல. அவன் வீட்ல இருக்கையில சொல்லாதீக. ஆனா போன வச்சிராதீக.”

“வைக்கல.”

வாசலில் கலிமா முழக்கம் எழுந்தது. சந்தூக்குப் பெட்டியைச் சுமந்தவர்களின் காலடிகள் ஜன்னலை ஒட்டிக் கடந்தன. ஆண்களின் குரல் பள்ளிவாசல் பக்கம் தேய்ந்து அடங்கும் வரை ஷாஜியா கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“தெரு திரும்பிட்டான்,” என்றாள் ஷாஜியா.

சேலைத் தலைப்பை வயிற்றின்மேல் இழுத்துவிட்டு, பிள்ளையின் காதைப் பொத்துவதுபோல் கையால் பொத்திக்கொண்டாள்.

“இப்பச் சொல்லுங்க.”