முதல்வர் அறை நின்ற நிலம்

பெருங்களத்தூருக்குத் தெற்கே இருந்த அரசு பாலிடெக்னிக்கில், 1987இல் புதிய பணிமனை கட்டுவதற்காக, நில அளவை விரிவுரையாளர் துளசிங்கம் தம் மாணவர்களை வைத்து வளாகத்தை அளந்தார். மூன்று முறை அளந்தும் முதல்வரின் அறை பக்கத்து நிலத்தில்தான் இருந்தது. அந்த நிலம் அஞ்சம்மாளுடையது.

முதல்வர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "நீங்களே போய்ச் சொல்லிடுங்க," என்றார்.

துளசிங்கம் போய்ச் சொன்னார். அஞ்சம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"போன வருஷம் எம் பொண்ணு வேதவல்லிக்கு சீட்டு கேட்டேன். பொம்பள புள்ளைங்களுக்கு பாத்ரூம் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டீங்க. நெனப்பு கீதா சார்?"

"இருக்கும்மா."

"அந்த ரூம்பையே பாத்ரூமா மாத்திடுங்க. நெலத்த எழுதிக் குடுத்துடறேன்."

முதல்வர் ஒரு வாரம் யோசித்துவிட்டு, தம் மேசையை நூலகத்துக்கு மாற்றிக்கொண்டார். ஜூலையில் வேதவல்லியும் இன்னும் நான்கு பெண்களும் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். துளசிங்கத்துக்கு அன்றுதான் நிம்மதியாகச் சோறு இறங்கியது.

சாப்பிட்டு வந்தவர், வளாகத்தின் மற்ற பக்கங்களையும் அளந்துவிடலாமா என்று கேட்டார்.

முதல்வர் வேண்டாம் என்றார்.